கோபுலு வழியில் டெல்டாவை வரைய வாரம் ஓர் இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் ஓவியர் கோபுலுவுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். காவிரிப் படுகையில் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கும் எங்களுக்கு அது பெரிய மகிழ்ச்சி. 1924 ஜூன் 18-ல் தஞ்சாவூரில் பிறந்து, கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்து, இந்தப் பகுதியின் திண்ணைகளையும் பந்திகளையும் கச்சேரி மேடைகளையும் தமிழ்நாடு முழுவதும் சிரித்துக்கொண்டே பார்க்கவைத்தவர் அவர்.

ஆனால் அந்தப் பக்கத்தில் இரண்டு விஷயங்கள் உறுத்தின. கட்டுரை நெடுகிலும் அவருடைய கை 'தெய்வம் கொடுத்த வரம்' என்றே வருகிறது. அந்தக் கை என்னென்ன வேலை பார்த்தது என்று ஓரிடத்திலும் இல்லை. இரண்டாவது, கூடவே வெளியான படங்கள் அச்சில் சாம்பல் பூத்துப்போயிருக்கின்றன. ஒரு படம் இடம் வலமாகத் திருப்பப்பட்டிருக்கிறது. படிக்கிற பிள்ளைக்கு இதிலிருந்து போய்ச் சேருவது ஒன்றுதான்: இதெல்லாம் யாரோ வரம் வாங்கி வந்தவர்களின் வேலை, நமக்கு வராது. இது உண்மையில்லை. நாள்தோறும் கண்ணில் படுவதைக் குறும்போடு கோட்டில் பிடிப்பது கற்றுக்கொள்ளக்கூடிய தொழில். அதற்கு முறை இருக்கிறது, அளவு இருக்கிறது, எங்கே தப்பு வரும் என்பதும் தெரிந்த விஷயம். அவற்றைச் சொல்லி, தங்களிடம் ஒரு வேண்டுகோளும் வைக்கவே இந்தக் கடிதம். நீளத்துக்கு மன்னிக்க வேண்டும்.

கோபாலன் என்ற பெயரைக் கோபுலு ஆக்கியவர் மாலி. ஆனந்த விகடனில் கேலிச்சித்திரத்துக்கும் சங்கீத வித்வான்களின் படங்களுக்கும் பெயர் பெற்றிருந்த மாலி, இந்த இளைஞருக்குத் தொடக்கத்தில் கொடுத்த வேலையே நேரில் போய்ப் பார்த்து வரைகிற வேலை. திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகள் பூசித்த ராமர் பட்டாபிஷேகப் படத்தை அங்கேயே உட்கார்ந்து வரைந்து வரச்சொன்னார். அது 1941 தீபாவளி மலரில் வந்தது. அதற்குப் பிறகு 1963 வரை விகடனில் வாரா வாரம் வேலை. தொடர்கதைக்குப் படம், நகைச்சுவைத் துணுக்குக்குப் படம், வசனமே இல்லாமல் படத்தாலேயே சிரிக்கவைக்கும் பக்கங்கள் என்று மூச்சுவிட நேரமில்லாத வேலை அது. வாரப் பத்திரிகைக்கு வரைகிறவர் மனநிலை கூடிவரட்டும் என்று காத்திருக்க முடியாது. கதை வந்துசேரும் அன்றைக்கே முகமும் உடையும் இடமும் கையில் தயாராக இருக்க வேண்டும். வெளியே போகும்போதெல்லாம் பார்த்துச் சேர்த்துவைத்திருந்தால்தான் அது முடியும்.

கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் எழுதிய தில்லானா மோகனாம்பாள் தொடருக்கு அவர் வரைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். நாயனம் வாசிக்கும் நாயகனின் ஊர் சிக்கல், நாட்டியமாடும் நாயகியின் ஊர் திருவாரூர். இரண்டும் நாயனத்தையும் (நாதஸ்வரம்) தவிலையும் நன்றாக அறிந்த ஊர்கள். அங்கேயுள்ள வாசகர் முகத்தைப் பார்ப்பதற்கு முன் வாத்தியத்தைப் பிடித்திருக்கும் விதத்தைப் பார்ப்பார். அந்தப் பரீட்சையில் தேறிய பிறகுதான் கதையில் வரும் வைத்தியின் குழைவும் மற்றவர்களின் மிடுக்கும் சிரிப்பை வரவழைக்கும்.

1963-ல் விளம்பரத் துறைக்குப் போனார். 1972-ல் 'ஆட்வேவ்' என்று சொந்த நிறுவனமும் தொடங்கினார். பின்னாளில் பக்கவாதம் வந்து வலக்கை முடங்கியபோது இடக்கையால் வரையப் பழகி, வரைந்தார். 2015 ஏப்ரல் 29-ல் சென்னையில் காலமானார். வரம் என்பது வலக்கையில் இருந்திருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்க வேண்டும். புதுக் கைக்குக் கோட்டின் வேகத்தையும் அழுத்தத்தையும் மறுபடி பழக்க வேண்டியிருக்கும், உண்மைதான். நிற்கிறவரின் எடை எந்தக் காலில் இறங்குகிறது, முதுகு எங்கே வளைகிறது, யார் யாரைப் பார்க்கிறார் என்ற கணக்கு கையில் இல்லை. அது பார்த்துப் பார்த்துப் படிந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு வேண்டியது இந்தக் கணக்குதான்.

அது எப்படிப் படியும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறோம்.

பள்ளிக்கூடத்தில் 'இயற்கைக் காட்சி' என்றதும் பிள்ளைகள் போடுவது இரண்டு மலை, நடுவில் சூரியன், மலைக்கு நடுவிலிருந்து ஓர் ஆறு. கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ திருத்துறைப்பூண்டியிலோ எந்தத் திசையில் நின்று பார்த்தாலும் மலை கிடையாது. சுவரில் மாட்டியிருக்கும் சார்ட்டிலிருந்து வந்த மலை அது. நம்முடைய அடிவானம் தட்டையானது. கீழே ஒரு கோடு, அதன்மேல் தென்னையும் பனையும் மூங்கில் கொத்தும், ஊருக்கு ஊர் ஒரு கோபுரம். தாளின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் அடிவானத்தை வைத்துவிட்டு மீதியை வானத்துக்கு விட்டாலே படம் டெல்டா ஆகிவிடும். தென்னங்கீற்று முதுகெலும்பிலிருந்து இரண்டு பக்கமும் பிரிவது, பனையோலை விசிறியாக விரிவது, வாழையிலை காற்றில் நரம்புவாக்கில் கிழிந்து தொங்குவது. இந்த மூன்றையும் ஒரே மாதிரிப் புசுபுசுவென்று போடுவதை நிறுத்தினால் பாதி வேலை முடிந்தது.

சாமான் அதிகம் வேண்டாம். கையடக்க ஏ5 நோட்டு, 2பி பென்சில், 0.3 அளவில் ஒரு கறுப்புப் பேனா. நோட்டுத் தாள்தான் முக்கியம். சாதாரண நோட்டுகளில் வரும் 70, 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடை) மேப்லித்தோ தாளில் மை கசிந்து கோடு மீசை முளைத்தாற்போல் ஆகிவிடும். 130-லிருந்து 150 ஜிஎஸ்எம் கார்ட்ரிட்ஜ் தாள் தாங்கும். அந்தத் தாளும் ஐப்பசி, கார்த்திகையில் ஈரக்காற்றை இழுத்துக்கொண்டு கசியத் தொடங்கும். மழைக்காலத்தில் நோட்டைப் பாலிதீன் உறையில், மருந்துப் புட்டியோடு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைக் கூடப் போட்டு வைக்க வேண்டும்.

நிப்பை மையில் தொட்டுத் தொட்டு வரையும் பேனாவில் வரும் மெல்லியதும் தடித்ததுமான கோடு வேறு எதிலும் வராது. ஆசைப்படுகிறவர்கள் அதையும் பழகலாம். புது நிப்பின் மேல் துருப்பிடிக்காமலிருக்கத் தடவிய பூச்சு இருக்கும். சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைக்காவிட்டால் மை நிற்காமல் உருண்டு விழும். சித்திரை வெயிலில் மை நிப்பிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். சில நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீரில் முக்கிப் பருத்தித் துணியால் துடைக்க வேண்டும். இந்தியன் இங்க்கை எக்காரணம் கொண்டும் மை நிரப்பும் பேனாவுக்குள் ஊற்றக் கூடாது. அதில் இருக்கும் அரக்கு உள்ளே உறைந்தால் பேனா போனதுதான். எழுதுகிற நீல, கறுப்பு மைகள் வெயிலில் வெளுக்கும், தண்ணீர் பட்டால் கரையும். எந்த மையானாலும் ஒரு கோடு போட்டு ஐந்து நிமிடம் கழித்து ஈர விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு நம்புங்கள். உள்ளங்கை வியர்வையின் எண்ணெய் தாளில் படிந்தால் அந்த இடத்தில் மை ஒட்டாது. கையடியில் ஒரு துண்டுக் காகிதம் எப்போதும் இருக்கட்டும்.

இனி உட்காரும் இடம். பழக வருகிறவர்கள் முதலில், செய்ததையே திரும்பத் திரும்பச் செய்கிற ஆட்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டீ மாஸ்டர், பூக் கட்டுகிறவர், தாராசுரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர், துணி வெளுப்பவர். அவர் அசைந்துவிட்டால் அழித்துத் திருத்த வேண்டாம். அதே தாளில் பக்கத்தில் அடுத்த நிலையைத் தொடங்குங்கள். கொஞ்ச நேரத்தில் பழைய நிலைக்கே அவர் திரும்பி வருவார், அப்போது விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒரே தாளில் நாலைந்து அரைகுறை உருவங்கள் வளர்ந்துகொண்டிருப்பதுதான் ஸ்பாட் டிராயிங்கின், அதாவது நேரில் பார்த்து வரைவதன், சரியான தாள். முப்பது விநாடியில் முதுகெலும்பின் வளைவும் எடை இறங்கும் காலும். இரண்டு நிமிடத்தில் கைகளும் தலையின் சாய்வும். ஐந்து நிமிடம் கிடைத்தால்தான் உடையும் முகமும். முகத்திலிருந்து தொடங்கினால் முகம் முடிவதற்குள் ஆள் எழுந்து போய்விடுவார். தாளில் உடம்பில்லாத தலைகள் மிஞ்சும். வெளிச்சத்துக்குக் காலை ஆறரையிலிருந்து எட்டரை, மாலை நாலிலிருந்து ஆறு. உச்சிவெயிலில் நிழலெல்லாம் காலடியில் சுருண்டு எல்லாம் தட்டையாகத் தெரியும்.

அடுத்தது கண் மட்டம். எங்களிடம் வரும் படங்களில் பாதிக்கு மேல் சறுக்குவது இங்கேதான். தரையில் சம்மணமிட்டு வரைகிறவரின் கண், நிற்பவர்களின் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே இருக்கும். திண்ணையில் உட்கார்ந்தால் ஏறக்குறையத் தோள் மட்டம். எழுந்து நின்றால் தலை மட்டம். இந்த மட்டத்தைத் தாளில் ஒரு மெல்லிய பென்சில் கோடாகப் போட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் கோடு பக்கத்தில் நிற்பவரை உடம்பின் எந்த இடத்தில் வெட்டுகிறதோ, அதே உயரமுள்ளவர் தெருக்கோடியில் நின்றாலும் அதே இடத்தில்தான் வெட்டும். இதை விட்டுவிட்டால் தூரத்து ஆட்கள் காற்றில் மிதப்பார்கள், அல்லது தரைக்குள் புதைவார்கள். தெருவில் வரிசையாக இருக்கும் ஓட்டு வீடுகளையும் இதே கோடுதான் காப்பாற்றும். ஓட்டை ஒவ்வொன்றாக எண்ணிப் போடாமல் இறவாரத்தின் கடைசி வரிசையை மட்டும் தெளிவாகப் போட்டு, மேலே அங்கங்கே நாலு வளைவு காட்டினால் போதும், மீதியைக் கண் நிரப்பிக்கொள்ளும்.

அளவு: நிற்கும் பெரியவர் சராசரியாக ஏழரைத் தலை உயரம். சம்மணமிட்டு உட்கார்ந்தால் தரையிலிருந்து நாலு தலை. நகைச்சுவைப் படத்துக்கு ஐந்து தலைக்குக் குறைக்கலாம், ஆனால் ஏழரையை வரையத் தெரிந்த பிறகு. சரியான அளவு கைக்கு வராமல் குறைக்கிறவர்களின் உருவம் குறும்பாகத் தெரியாது, கோணலாகத்தான் தெரியும். டபரா டம்ளர் வரையும்போது வாய் வட்டம் ஒடுங்கியும் அடி வட்டம் அதைவிடக் கொஞ்சம் உருண்டையாகவும் இருக்க வேண்டும், ஏனென்றால் அடிப்பாகம் கண் மட்டத்திலிருந்து இன்னும் கீழே இருக்கிறது. அடியை நேர்கோடாக இழுத்தால் டம்ளர் மேசையில் உட்காராது. மடித்துக் கட்டிய வேட்டியின் கீழ் ஓரமும் இதே விதிதான். அந்த ஓரத்தின் வளைவு ஒன்றே ஆள் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறார் என்று சொல்லிவிடும்.

இந்த மண்ணின் வேலைகளைத் தெரிந்துகொள்ளாமல் வரைவதால் வரும் பிழைகள் தனி. நடவுப் படம் டெல்டாவில் ஆயிரக்கணக்கில் வரையப்பட்டிருக்கும். அவற்றில் பல தவறு. நடவாட்கள் பின்னோக்கி நகர்ந்துகொண்டே நடுவார்கள். நட்ட பயிர் அவர்கள் முகத்துக்கு முன்னால் இருக்க வேண்டும், வெறும் சேறு முதுகுக்குப் பின்னால். நாற்று முடி ஒரு கையில், மறுகை நட்டுக்கொண்டு போகும். குனிவது இடுப்பு மூட்டிலிருந்து. முதுகு ஏறக்குறைய நேர்ப் பலகையாக நிற்கும். முதுகைக் கூனாக வளைத்தும் பயிரைப் பின்னால் வைத்தும் வரைந்தால், வயலில் இறங்கியவர்கள் பார்த்த மாத்திரத்தில் இவர் பார்க்காமல் வரைந்தவர் என்று ஒதுக்கிவிடுவார்கள்.

தவிலும் அப்படியே. வலப்பக்கத்தைக் கூடு (விரல் உறை) மாட்டிய விரல்களால் வாசிப்பார்கள், இடப்பக்கத்தைக் குச்சியால். இரண்டு கையிலும் குச்சி கொடுத்து அனுப்பும் படங்கள் வருடம் தவறாமல் போட்டிகளுக்கு வருகின்றன. நாயனத்தில் ஏழு விரல் துளைகள். வாயருகே கயிற்றில் உபரிச் சீவாளிகளும் (வாயில் வைத்து ஊதும் பகுதி) ஊசியும் தொங்கும். இந்தத் தொங்கலைப் போட்டுவிட்டால் படம் உடனே உயிர்பெறும், விட்டுவிட்டால் அது ஏதோ ஒரு குழல். ஆச்சா மரத்தில் நாயனம் கடையும் நரசிங்கம்பேட்டை கும்பகோணத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 2022-ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. பிள்ளைகளை அழைத்துப்போய்ப் பட்டறையில் ஒரு காலைப்பொழுது உட்காரவைத்தால் இந்தப் பிழை ஒரு தலைமுறைக்கு வராது.

குறும்பு எங்கிருந்து வருகிறது என்பதற்கு வருகிறோம். மூக்கை நீட்டுவதாலும் வயிற்றைப் பெருக்குவதாலும் வருவதில்லை. யார் எங்கே பார்க்கிறார்கள், இருவருக்கும் நடுவில் எவ்வளவு வெற்றிடம், எந்தப் பொருள் இருக்கக் கூடாத இடத்தில் இருக்கிறது: இந்த மூன்றால் வருகிறது. ஓர் உதாரணம். கும்பகோணம் பேருந்து நிலையத்தில் டவுன் பஸ் வந்து நிற்கிறது. ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடித்தவர் கூட்டத்தில் முண்டி உள்ளே வருகிறார். அதற்குள் துண்டின்மேல் ஒரு வாழைத்தார் ஏறி உட்கார்ந்துவிட்டது. இதை வசனமில்லாமல் சொல்ல வேண்டும். தமிழ் இடமிருந்து வலமாகப் படிப்பது என்பதால் வாசகர் கண் படத்துக்குள்ளும் இடமிருந்தே நுழையும். ஆகவே வந்து நிற்பவர் இடப்பக்கம், தார் வலப்பக்கம். தாருக்கு அடியிலிருந்து துண்டின் கரை இரண்டு விரல் அளவுக்கு எட்டிப்பார்க்க வேண்டும். அது தெரியாவிட்டால் கதையே இல்லை, முழுத் துண்டும் தெரிந்தால் வேடிக்கை இல்லை. வந்தவரின் பார்வை நேராகத் துண்டின் கரையில். தாருக்குச் சொந்தக்காரர் மறுபக்க ஜன்னலுக்கு வெளியே எதையோ மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கண்டக்டரையும் மற்றப் பயணிகளையும் நாலு கோட்டில் பின்னால் தள்ளிவிட வேண்டும். அவர்களும் வாய்பிளந்து பார்ப்பதாகப் போட்டால் வாசகருக்குக் கண்டுபிடிக்க ஒன்றும் மிஞ்சாது. வரைந்து முடித்ததும் உருவங்களைக் கறுப்பாக நிரப்பிய நகல் ஒன்று செய்து பாருங்கள். நிழலுருவிலேயே யார் என்ன செய்கிறார் என்று தெரிந்தால் படம் நிற்கும். தெரியவில்லையென்றால் முகபாவத்தை எவ்வளவு திருத்தினாலும் பயனில்லை, கைகால்களை உடம்பிலிருந்து விலக்கி மறுபடி போட வேண்டும்.

கேலி நிலைமையின் மேல் இருக்க வேண்டும், ஆளின் நிறத்தின் மேலோ உடற்குறையின் மேலோ சாதியின் மேலோ இருக்கக் கூடாது. குளிக்கும் படித்துறையில் நோட்டை விரிக்கக் கூடாது. யாரை வரைந்தோமோ அவரிடம் படத்தைக் காட்டிவிட்டுத்தான் எழ வேண்டும். இதில் எங்களுக்கு விட்டுக்கொடுக்க இடமில்லை.

இப்போது அச்சு. இங்கேதான் தங்கள் உதவி வேண்டும்.

பழைய நாளில் கோட்டோவியம் துத்தநாகத் தகட்டில் லைன் பிளாக்காகச் செதுக்கப்பட்டது. படத்தைத் தகட்டில் படியவைத்து, வெள்ளை இடங்களை அமிலம் அரித்துத் தள்ளும். கறுப்புக் கோடு மட்டும் மேடாக நிற்கும். புகைப்படத்துக்குப் புள்ளி புள்ளியாகப் பிரிக்கும் ஹாஃப்டோன் பிளாக் வேண்டும், செலவும் அதிகம், மட்டமான தாளில் அப்பிக்கொள்ளவும் செய்யும். மலிவுத் தாளிலும் சுத்தமாக அச்சாகும் என்பதால்தான் தமிழ் வார இதழ்களில் பேனாக் கோடு அவ்வளவு செழித்தது. கோபுலு கோட்டின் தெளிவுக்கு அந்த முறைக்கும் பங்கு உண்டு. இன்றைய ஆஃப்செட்டில் அதைவிட நன்றாக வர வேண்டிய கோடு, மோசமாக வருகிறது. காரணம் ஸ்கேன் செய்யும் விதம்.

தங்கள் பக்கத்தில் வந்த படங்கள் பழுப்பேறிய பழைய இதழிலிருந்து சாம்பல் நிறப் படமாக ஸ்கேன் ஆகியிருக்கின்றன. அப்படிச் செய்தால் அச்சு இயந்திரம் கோட்டையும் தாளின் பழுப்பையும் சேர்த்துப் புள்ளிகளாக உடைக்கும். கோட்டு ஓரம் ரம்பப் பல்லாகும், வெள்ளை இடமெல்லாம் அழுக்காகும். பின்பக்கத்து எழுத்தும் நிழலாக ஊடுருவியிருக்கிறது. இதற்கு, ஸ்கேனரில் தாளுக்குப் பின்னால் வெள்ளைக்குப் பதில் கறுப்புத் தாள் வைத்தாலே போதும். பிறகு கறுப்பு வெள்ளை மட்டுமுள்ள படமாக மாற்றி, அச்சாகும் அளவில் 1200 டிபிஐ (அங்குலத்துக்கு 1200 புள்ளி) இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். மாற்றும்போது எல்லையைக் கறுப்பின் பக்கம் தள்ளினால் நெருக்கமான ஷேடிங் அடைத்துக்கொள்ளும். வெளுப்பின் பக்கம் தள்ளினால் மயிரிழைக் கோடுகள் மறையும். கண் இமைக்கோட்டைப் பார்த்துக்கொண்டே நகர்த்துவது நல்ல வழி, முதலில் மறைவது அதுதான். அச்சுக்குப் போகும்போது கறுப்புத் தகட்டில் மட்டும் போக வேண்டும். நாலு வண்ணக் கலவையாகப் போனால் தகடுகள் இம்மி விலகினாலும் ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் ஒரு நீலமோ சிவப்போ கூட வரும்.

படத்தைத் திருப்புவது இதைவிடப் பெரிய தவறு. உருவம் பக்கத்தின் உள்நோக்கிப் பார்க்க வேண்டும் என்பதற்காக வடிவமைப்பாளர்கள் இடவலமாக மாற்றிவிடுகிறார்கள். திருப்பினால் தவில்காரரின் குச்சி வலக்கைக்குப் போய்விடும். புடவை முந்தானை தோள் மாறும். மடிசார் கட்டில் அது ஐயர் வீட்டுக் கட்டை ஐயங்கார் வீட்டுக் கட்டாக ஆக்கிவிடும். பூணூல் இடத்தோளிலிருந்து வலத்தோளுக்கு மாறினால், கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருப்பவர் பித்ரு காரியம் செய்கிறவராகிவிடுவார். வரைந்தவர் பார்த்துப் பார்த்துச் சரியாக வைத்ததை ஒரு பொத்தான் கெடுத்துவிடுகிறது. படம் உள்நோக்கிப் பார்க்கவில்லை என்றால் பக்கத்தில் படத்தின் இடத்தை மாற்றுங்கள், படத்தை மாற்ற வேண்டாம்.

வாசகர் வீடுகளிலும் அந்தக் காலத்து பைண்டு வால்யூம்கள் பரணில் கிடக்கின்றன. அவற்றுக்கு ஒரு வார்த்தை. கிழிசலில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், அதன் பசை சில வருடத்தில் மஞ்சளாகிப் படத்துக்குள் இறங்கும். லேமினேஷன் செய்யவே வேண்டாம். துருப்பிடித்த பின்களை மெதுவாக நிமிர்த்தி எடுத்துவிட்டு நூலால் தைக்கலாம். சிமென்ட் தரையிலும் சுவரை ஒட்டியும் வைக்காமல் அலமாரியில் நாலு அங்குலம் தள்ளி வையுங்கள். பூச்சிக்கு, தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் வழக்கமாக இருக்கும் முறையே நல்லது: வசம்பு, கருஞ்சீரகம், பட்டை, மிளகு, கிராம்பு இவற்றை இடித்துக் கொஞ்சம் கற்பூரம் சேர்த்துத் துணியில் முடிந்து அலமாரியில் போட்டு, வாசனை போனதும் மாற்ற வேண்டும்.

எங்கள் வேண்டுகோள் இதுதான். டெல்டாப் பதிப்பில் வாரம் ஒரு நாள், இரண்டு பத்தி அகலத்தில், ஏறக்குறைய 8 செ.மீ.க்கு ஓர் அன்றாடக் கோட்டோவியத்துக்கு இடம் கொடுங்கள். வசனம் வேண்டாம், கீழே ஊர், இடம், தேதி, வரைந்தவர் பெயர், வகுப்பு மட்டும். மாணவர்களுக்குச் சொல்ல வேண்டிய விதிகளும் குறைவு. நேரில் பார்த்து வரைந்ததாக இருக்க வேண்டும். செல்போன் படத்தைப் பார்த்து வரைந்தது கூடாது. மூலப்படம் 12 செ.மீ. அகலம். கோடு 0.3 மி.மீ.க்குக் குறையக் கூடாது, ஏனென்றால் அச்சில் மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கும்போது அது 0.2 ஆகும், 0.1 பேனாவில் போட்ட கோடு நியூஸ்பிரிண்டில் நிற்காது. ஷேடிங் கோடுகளுக்கு நடுவே குறைந்தது 1 மி.மீ. இடைவெளி, அதைவிட நெருங்கினால் மை ஊறி ஒரே கறுப்பாகிவிடும். 12 செ.மீ. படத்தை 800 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் 8 செ.மீ.க்குச் சுருங்கும்போது 1200 கணக்காகிவிடும். ஸ்கேனர் வசதியில்லாத பள்ளிகள் தபாலில் மூலத்தையே அனுப்பலாம், இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து, மடிக்காமல். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் படமாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் கோட்டைச் சுற்றிப் பொடிப்பொடியாக அழுக்கு சேரும்.

தேர்வு செய்யும் வேலையை நாங்கள் ஊதியமில்லாமல் செய்து தருகிறோம். மூலப்படங்களை ஸ்கேன் செய்து, அச்சுக்குத் தயாரான கோப்பாக ஒவ்வொரு புதன்கிழமையும் அனுப்பிவைப்போம். மூலங்களைப் பிள்ளைகளிடமே திருப்பிக் கொடுத்துவிடுவோம். மேட்டூர் திறந்து குறுவை நடவு தொடங்கும் ஜூனில் ஆரம்பித்தால், ஆடிப்பெருக்கு, மாயவரம் துலா முழுக்கு, தை அறுவடை, திருவாரூர் தேர் என்று வருடம் முழுக்க வரைவதற்குப் பஞ்சமிருக்காது. தங்கள் பக்க வடிவமைப்பாளரோடு ஒரு நாள் உட்கார்ந்து சோதனை அச்சு எடுத்துப் பார்க்க, தாங்கள் சொல்லும் தேதியில் வரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓவிய ஆசிரியர்கள் சிலர்,
கும்பகோணம் வட்டாரம்.